பழைய எஸ்யூவி வெச்சிருக்கீங்களா? சத்தம் போடும் பெல்ட், சத்தமே போடாத பெல்ட்... ரெண்டையும் தெரிஞ்சுக்கோங்க!

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள் இருந்து 'கீச்ச்ச்' என்று ஒரு சத்தம். ரெண்டு நிமிஷத்தில் அதுவே அடங்கிவிடும். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று ஏசியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

அந்தச் சத்தம் ஒரு வகையில் நல்லது. ஏதோ கோளாறு இருக்கிறது என்று வண்டியே முன்கூட்டிச் சொல்கிறது. ஆனால் அதே எஞ்சினில் இன்னொரு பெல்ட் இருக்கலாம். அது பெரும்பாலும் கீச்சிடாது, கண்ணுக்கும் தெரியாது. அறுந்தால் எஞ்சினையே காலி பண்ணிவிடும்.

10 வயதைத் தாண்டிய எஸ்யூவிகள் நம் ஊர்ச் சாலைகளில் ஏராளம். செகண்ட் ஹேண்டில் கைமாறும் வண்டிகளும் அதிகம். அதனால் இந்த ரெண்டு பெல்ட்டையும் பற்றி உரிமையாளருக்குத் தெரிந்திருப்பது அவசியம். என்னென்ன பெல்ட், எப்படிப் பார்ப்பது, எப்போது மாத்துவது? விரிவாகப் பார்க்கலாம்.

ஃபேன் பெல்ட், டைமிங் பெல்ட்: என்ன வித்தியாசம்?

எஞ்சினின் முன்பக்கம், வெளியில் தெரியும்படி ஓடுவது டிரைவ் பெல்ட். ஒர்க்ஷாப்பில் இன்னமும் 'ஃபேன் பெல்ட்' என்றுதான் சொல்வாங்க. ரேடியேட்டர் ஃபேனை இந்த பெல்ட்தான் சுற்றிய காலத்தில் வந்த பெயர். இன்று பல வண்டிகளில் ஃபேன் மின்சாரத்தில் ஓடுகிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

ஒரு மூடிக்குள் ஒளிந்து ஓடுவது டைமிங் பெல்ட். உள்பக்கம் பல் பல்லாக இருக்கும். எஞ்சினுக்குள் வால்வுகள் எப்போது திறக்கணும், எப்போது மூடணும் என்பதை நேரம் தவறாமல் நடத்துவது இதன் வேலை. எல்லா எஞ்சினிலும் இது இருக்காது. சிலவற்றில் இதற்குப் பதில் செயின் இருக்கும், சிலவற்றில் பல் சக்கரங்கள் இருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், வெளி பெல்ட் எஞ்சினைச் சுற்றியுள்ள கருவிகளை ஓட்டுகிறது. உள் பெல்ட் எஞ்சினையே ஓட வைக்கிறது.

வெளி பெல்ட் என்னென்ன வேலை பார்க்கிறது?

எஞ்சின் சுற்றும் விசையை எடுத்து மற்ற கருவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் இதன் வேலை. பழைய எஸ்யூவியில் பெரும்பாலும் இவையெல்லாம் இதை நம்பித்தான் இருக்கும்:

• ஆல்டர்நேட்டர்: 'டைனமோ' என்று நாம் சொல்வது. பேட்டரியை சார்ஜ் செய்யும்.

• பவர் ஸ்டீயரிங் பம்ப்: ஆயிலின் அழுத்தத்தில் இயங்கும் பழைய வகை ஸ்டீயரிங்கில் இருக்கும். மின்சார ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில் இருக்காது.

• ஏசி கம்ப்ரசர்.

• வாட்டர் பம்ப்: எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட்டைச் சுற்ற வைப்பது. சில எஞ்சின்களில் இதை டைமிங் பெல்ட் ஓட்டும்.

எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நீள பெல்ட் வளைந்து வளைந்து போகும் வண்டிகள் உண்டு. ஏசிக்கு ஒன்று, ஆல்டர்நேட்டருக்கு ஒன்று என ரெண்டு மூணு பெல்ட் உள்ள வண்டிகளும் உண்டு. உங்க வண்டி எந்த வகை என்பதை முதலில் பானெட்டைத் திறந்து பாருங்க.

பலருக்கும் தெரியாத விஷயம்: பிரேக்குக்கும் பெல்ட்டுக்கும் தொடர்பு உண்டு!

டீசல் எஸ்யூவி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

நாம் பிரேக் மிதியை லேசாக அழுத்தினாலே ரெண்டு டன் வண்டி நிற்கக் காரணம், அதற்குப் பின்னால் இருக்கும் பூஸ்டர். அந்த பூஸ்டர் வேலை செய்ய வெற்றிடம் வேண்டும். டீசல் எஞ்சினில் அதை உண்டாக்கத் தனியாக ஒரு வேக்கம் பம்ப் இருக்கும். பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் இந்த வேக்கம் பம்ப், ஆல்டர்நேட்டரின் பின்பக்கத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஆல்டர்நேட்டரைச் சுற்றுவது எது? நம்ம ஃபேன் பெல்ட்!

அப்படிப்பட்ட வண்டியில் பெல்ட் அறுந்தால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் புதிதாக வெற்றிடம் கிடைக்காது. பூஸ்டரில் மிச்சம் இருப்பதை வைத்து ஒன்றிரண்டு முறை பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். அதன் பிறகு மிதி கல் மாதிரி ஆகிவிடும். பிரேக் முழுசாகப் போய்விடாது, ஆனால் பல மடங்கு பலம் கொடுத்து மிதிக்க வேண்டியிருக்கும்.

இதே நேரத்தில் பவர் ஸ்டீயரிங்கும் கனக்கும். சமவெளியில் இதைச் சமாளித்து ஓரங்கட்டிவிடலாம். வால்பாறை சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ இறங்கும்போது நடந்தால்? மலைக்குக் கிளம்பும் முன் டயர், பிரேக் பார்ப்பது போல பெல்ட்டையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

உங்க வண்டியின் வேக்கம் பம்ப் எங்கே இருக்கு? அடுத்த சர்வீஸில் மெக்கானிக்கிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு வெச்சுக்கோங்க. சில டீசல் எஞ்சின்களில் அது கேம் ஷாஃப்ட்டோடு இணைந்து ஓடும். அவற்றில் வெளி பெல்ட் அறுந்தாலும் பிரேக் பூஸ்டர் வேலை செய்யும்.

வி பெல்ட், ரிப் பெல்ட்: உங்க வண்டியில் எது?

பழைய வண்டிகளில் அதிகம் இருப்பது வி பெல்ட். குறுக்கே வெட்டிப் பார்த்தால் 'வி' வடிவில், மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருக்கும். டென்ஷனை போல்ட் மூலம் கையால்தான் சரிசெய்யணும்.

அதற்குப் பின் வந்தது ரிப் பெல்ட். தட்டையாக, உள்பக்கம் நீளவாக்கில் கோடு கோடாக வரிகள் இருக்கும். இதை இழுத்துப் பிடிக்கப் பெரும்பாலும் ஸ்பிரிங் வைத்த ஆட்டோமேட்டிக் டென்ஷனர் இருக்கும்.

பெல்ட்டின் முதுகில் ஒரு எண் அச்சாகியிருக்கும். உதாரணத்துக்கு '6 பிகே 1200' என்று இருந்தால், 6 வரிகள், 1,200 மில்லிமீட்டர் நீளம் என்று அர்த்தம். நடுவில் உள்ள 'பிகே' என்பது வரிகளின் அளவு வகை. இந்த எண்ணை போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டா, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சரியான பெல்ட்டைக் கேட்டு வாங்கலாம். "கிட்டத்தட்ட இதே சைஸ்தான் சார்" என்று கடையில் வேறு நீளத்தை நீட்டினால் வாங்காதீங்க. நீளம் தவறினால் டென்ஷனர் சரியான இடத்தில் உட்காராது.

சத்தம் ஏன் வருது? தண்ணீர் ஸ்பிரே சொல்லும் பதில்

பெல்ட் சத்தம் ரெண்டு வகை. 'கீச்ச்ச்' என்று நீளமாக இழுத்தால் பெல்ட் புல்லி மேல் வழுக்குகிறது. 'கீச்... கீச்... கீச்' என்று குருவி மாதிரி விட்டு விட்டுக் கேட்டால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம்.

ரிப் பெல்ட் உள்ள வண்டியில் எந்த வகை என்று உறுதி செய்ய மெக்கானிக்குகள் ஒரு எளிய சோதனை செய்வார்கள். எஞ்சின் ஓடும்போது, பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரை ஸ்பிரே செய்வார்கள்.

• சத்தம் அதிகமானால்: டென்ஷன் போதவில்லை. பெல்ட் தேய்ந்திருக்கலாம், டென்ஷனர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

• சத்தம் சில நொடிகள் நின்று மறுபடியும் வந்தால்: புல்லி நேராக இல்லை, அல்லது ஏதோ ஒரு புல்லியின் பேரிங் ஆடுகிறது.

இந்தச் சோதனையை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஓடும் பெல்ட் பக்கத்தில் வேட்டி நுனி, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், கழுத்துச் செயின் எதுவும் போகக் கூடாது.

கீச் சத்தம் இல்லாமல் 'கரகர' என்றோ 'ஊஊ' என்றோ கேட்டால் கோளாறு பெல்ட்டில் இல்லாமல் பேரிங்கில் இருக்கலாம். டென்ஷனர், ஐட்லர் புல்லி, வாட்டர் பம்ப், ஆல்டர்நேட்டர் என எல்லாவற்றிலும் பேரிங் உண்டு. அதைப் பார்க்காமல் பெல்ட்டை மட்டும் மாத்தினால் சத்தம் திரும்ப வரும். பேரிங் இறுகி நின்றுவிட்டால் புது பெல்ட்டும் கருகி அறுந்துவிடும்.

மழைக்காலத்தில் பள்ளத்துத் தண்ணீரில் வண்டியை விட்டபிறகு கொஞ்ச நேரம் மட்டும் கீச்சிட்டால் பயப்பட வேண்டாம். பெல்ட் நனைந்ததால் வழுக்கியிருக்கும். காய்ந்த பிறகும் தொடர்ந்தால்தான் கவனிக்கணும்.

5 நிமிஷத்தில் நீங்களே பார்க்கலாம்: எப்படி?

எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கோங்க. ரேடியேட்டரின் மின்சார ஃபேன் சில வண்டிகளில் எஞ்சினை அணைத்த பிறகும் திடீரென்று சுற்றும். அந்தப் பக்கம் கை வைக்காதீங்க. இப்போது செல்போன் டார்ச்சைப் போட்டு இவற்றைப் பாருங்க:

1. வெடிப்பு: பெல்ட்டின் உள்பக்க வரிகளில் குறுக்கே விரிசல் இருக்கா? 3 அங்குல நீளத்துக்குள் 3 விரிசலுக்கு மேல் இருந்தால் மாத்தும் நேரம் வந்துவிட்டது.

2. பிய்ந்த வரி: ஒரு வரியில் ரப்பர் துண்டாக விழுந்திருந்தால் யோசிக்க வேண்டாம், உடனே மாத்துங்க.

3. ஓரத்தில் நூல்: பெல்ட் ஓரம் பிசிறி நூல் தொங்கினால், ஏதோ ஒரு புல்லி கோணலாக ஓடுகிறது.

4. பளபளப்பு: உள்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னினால் பெல்ட் வழுக்கி வழுக்கிச் சூடாகியிருக்கு என்று அர்த்தம்.

5. ஈரம்: ஆயில், கூலண்ட் கறை இருக்கா? இருந்தால் முதலில் கசிவை அடைக்கணும். கசிவை விட்டுவிட்டுப் புது பெல்ட் போட்டால், அதுவும் சீக்கிரமே ஊறி வீணாகும்.

6. டென்ஷன்: வி பெல்ட்டாக இருந்தால், ரெண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பாருங்க. பொதுவாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே போகலாம். துல்லியமான அளவு உங்க வண்டி மேனுவலில் இருக்கும்.

உள்பக்கத்தைக் குனிந்து பார்க்க முடியலையா? செல்போனைக் கீழே நீட்டி ஒரு போட்டோ எடுத்து ஜூம் செய்து பாருங்க. அடுத்த தடவை எடுக்கும் போட்டோவோடு ஒப்பிட்டால் தேய்மானம் தெரிந்துவிடும்.

வெடிப்பு இல்லைன்னா பெல்ட் நல்லா இருக்குன்னு அர்த்தமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். முன்பு பெல்ட்டுகள் நியோபிரீன் வகை ரப்பரில் வந்தன. வயதானால் அவை வெடித்துக் காட்டிக்கொடுக்கும். இப்போது வருபவை பெரும்பாலும் இபிடிஎம் என்ற ரப்பரில் செய்யப்பட்டவை. சூட்டை நன்றாகத் தாங்கும், சீக்கிரம் வெடிக்காது. அதற்குப் பதிலாக டயர் தேய்வது போல வரிகள் தேயும்.

வரி தேய்ந்தால் பள்ளம் அகலமாகி, புல்லியின் மேடு பெல்ட்டின் அடிவரை போய்த் தட்டும். பிடிப்பு குறைந்து வழுக்கும். பார்வைக்கு பெல்ட் புதுசு மாதிரியே இருக்கும். இந்தத் தேய்மானத்தை அளக்கச் சின்ன பிளாஸ்டிக் கேஜ் உண்டு. அது இல்லாவிட்டால் கிலோமீட்டர் கணக்குதான் வழி. பொதுவாக 60,000 முதல் 1 லட்சம் கிலோமீட்டர், அல்லது 4 முதல் 5 வருடம். இதில் எது முதலில் வருகிறதோ அப்போது மாத்திவிடுவது பாதுகாப்பு.

இதையெல்லாம் செய்யவே செய்யாதீங்க!

• சத்தம் போக சோப்பு, மெழுகு, கிரீஸ், ஆயில் தடவுவது. சத்தம் அடங்கும், பிடிப்பும் போகும், ரப்பரும் கெடும்.

• சத்தம் வருதுன்னு வி பெல்ட்டை அளவுக்கு மேல் முறுக்குவது. ஆல்டர்நேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகள் சீக்கிரம் போய்விடும்.

• ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் புது பெல்ட்டை ஏற்றுவது. உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்துவிடும். வெளியில் தெரியாது.

• ரிப் பெல்ட்டை ஒரு வரி தள்ளி மாட்டுவது. இது அடிக்கடி நடக்கும் தவறு. மாட்டிய பிறகு ஒவ்வொரு புல்லியிலும் வரி சரியாக உட்கார்ந்திருக்கான்னு பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யணும்.

இப்போது சத்தமே போடாத பெல்ட்: டைமிங் பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்?

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. மேலே வால்வுகள் கீழ்நோக்கித் திறந்து மூடுகின்றன. ரெண்டும் ஒரே இடத்தைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் வெவ்வேறு நேரத்தில். பிஸ்டன் மேலே வரும்போது வால்வு உள்ளே ஒதுங்கியிருக்கணும். இந்த நேரக் கணக்கைக் காப்பாற்றுவதுதான் டைமிங் பெல்ட்.

கீழே கிராங்க் ஷாஃப்ட் 2 சுற்று சுற்றினால், மேலே கேம் ஷாஃப்ட் 1 சுற்று சுற்றும். 2,000 ஆர்பிஎம்-மில் ஒரு மணி நேரம் ஓட்டினால் கிராங்க் 1,20,000 தடவை சுற்றியிருக்கும். சென்னையில் இருந்து திருச்சிக்கு 5 மணி நேரம் ஓட்டினால் 6 லட்சம் சுற்று. அத்தனை சுற்றிலும் ஒரு பல் கூடப் பிசகக் கூடாது.

பெல்ட் அறுந்தால், அல்லது சில பற்கள் தாண்டினால், கேம் ஷாஃப்ட் நின்றுவிடும் அல்லது நேரம் தவறும். கிராங்க் மட்டும் சுற்றும். மேலே வரும் பிஸ்டன், திறந்து நிற்கும் வால்வில் போய் இடிக்கும். வால்வு வளையும். சில நேரம் பிஸ்டனும் கேம் ஷாஃப்டும் சேர்ந்து உடையும். டீசல் எஞ்சினில் அழுத்தம் அதிகம், மேலே இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதனால் தப்பிக்கும் வாய்ப்பும் குறைவு.

விளைவு? ஹெட் இறக்கணும். சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய பெல்ட் வேலை, எஞ்சின் வேலையாக மாறும். பழைய எஸ்யூவி என்றால், பழுதுச் செலவு வண்டியின் மதிப்பில் பெரும் பங்கைத் தின்றுவிடும். நல்ல பாடியோடு வண்டிகள் ஒர்க்ஷாப் ஓரத்தில் மாதக்கணக்கில் நிற்க இதுவும் ஒரு காரணம்.

வெளி பெல்ட்டால் உள் பெல்ட்டும் போகுமா?

போகும். சில எஞ்சின்களில் வெளி பெல்ட் பிசிறி நூலாகப் பிரிந்தால், அந்த நூல் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கிவிடும். சில நூறு ரூபாய் பெல்ட், முழு எஞ்சினையும் பலி வாங்கும் கதை இது. ஓரம் பிசிறிய பெல்ட்டோடு "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று ஓட்டாதீங்க.

உங்க எஸ்யூவியில் பெல்ட்டா, செயினா?

நம் சாலைகளில் அதிகம் ஓடும் சில வண்டிகளைப் பார்க்கலாம்.

ரெனோ டஸ்டர் (பழைய மாடல்), 1.5 டிசிஐ டீசல்: டைமிங் பெல்ட். சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகி 2012-ல் விற்பனைக்கு வந்த வண்டி. இதில் டீசல் பம்பையும் வாட்டர் பம்பையும் டைமிங் பெல்ட்டே ஓட்டுகிறது. 2020-ல் பிஎஸ்6 விதி வந்தபோது டீசல் டஸ்டர் நின்றுவிட்டது. அதாவது, சாலையில் ஓடும் கடைசி டீசல் டஸ்டருக்கும் வயதாகிவிட்டது. கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் பெல்ட்டின் வயதைப் பார்த்தாக வேண்டும்.

டொயோட்டா ஃபார்ச்சூனர், 3.0 டி-4டி டீசல்: 2009-ல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை வண்டி. டைமிங் பெல்ட். அதே குடும்பத்து 2.5 லிட்டர் எஞ்சின் உள்ள பழைய இன்னோவாவுக்கும் பெல்ட்தான். 2016-ல் வந்த புதிய ஃபார்ச்சூனர், இன்னோவா கிரிஸ்டா டீசல்களில் செயின்.

ஹூண்டாய் கிரெட்டா (2015) 1.6 டீசல், மாருதி விட்டாரா பிரெஸ்ஸா (2016) 1.3 டீசல்: டைமிங் செயின்.

ஃபோர்டு ஈகோஸ்போர்ட் (2013) 1.0 ஈகோபூஸ்ட் பெட்ரோல்: மறைமலைநகரில் தயாரான வண்டி. இதில் இருப்பது 'வெட் பெல்ட்', அதாவது எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடும் டைமிங் பெல்ட். தவறான ஆயில் ஊற்றினாலோ, ஆயில் மாத்தத் தாமதித்தாலோ பெல்ட் ஊறி உதிரும். உதிர்ந்த துகள்கள் ஆயில் உறிஞ்சும் வடிகட்டியை அடைத்தால் எஞ்சினுக்கு ஆயிலே போகாது. மேனுவலில் சொன்ன ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது.

ஒரே மாடல் பெயரில் பல எஞ்சின்கள் வந்திருப்பதால், உங்க வண்டியின் எஞ்சின் வகையைச் சொல்லி மேனுவலிலோ சர்வீஸ் சென்டரிலோ உறுதி செஞ்சுக்கோங்க.

செயின் என்றால் கவலையே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. ஆயில் மாத்தாமல் ஓட்டினால் செயின் நீண்டு தளர்ந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது 'சலசல' என்று சத்தம் வந்தால் அதைக் கவனிக்கணும்.

டைமிங் பெல்ட் எப்போது மாத்தணும்?

எஞ்சினைப் பொறுத்து 80,000 முதல் 1,50,000 கிலோமீட்டர் வரை கணக்கு மாறும். பல தயாரிப்பாளர்கள் வருடக் கணக்கும் கொடுக்கிறார்கள். ரெண்டில் எது முதலில் வருதோ அதுதான் கெடு.

வருடக் கணக்கை நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். "10 வருஷத்துல 45,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்பது பெருமையாக இருக்கலாம். ரப்பருக்கு அது தெரியாது. எஞ்சின் சூடும் வெயிலும் தூசியும் நிறுத்திவைத்த வண்டியின் பெல்ட்டையும் முதுமையாக்கும்.

பழைய ஃபார்ச்சூனர், இன்னோவா டீசல்களில் கெடு வந்ததும் மீட்டரில் 'டி-பெல்ட்' என்று ஒரு விளக்கு எரியும். எரிந்தால் தள்ளிப் போடாதீங்க. ஒரு எச்சரிக்கை: பெல்ட்டை மாத்தாமலேயே அந்த விளக்கை மட்டும் ரீசெட் செய்யவும் முடியும். விளக்கு எரியவில்லை என்பது பெல்ட் மாத்தியதற்கான சாட்சி கிடையாது.

மாத்தும்போது என்னென்ன கேட்கணும்?

• பெல்ட் மட்டுமா, கிட்டா? டென்ஷனர், ஐட்லர் சேர்ந்த முழு கிட்டாக மாத்துவதே சரி. பழைய டென்ஷனர் பேரிங் நின்றால் புது பெல்ட்டும் அறுந்துவிடும்.

• டஸ்டர் டீசல் போல வாட்டர் பம்பும் டைமிங் பெல்ட்டில் ஓடும் எஞ்சின் என்றால், அதையும் கையோடு மாத்துங்க. பின்னால் பம்ப் கசிந்தால் இதே கூலியை மறுபடியும் கொடுக்கணும்.

• டைமிங் லாக் டூல் இருக்கா? கிராங்க்கையும் கேமையும் சரியான நிலையில் பூட்டி வைக்கும் பின்கள் இவை. "பெயின்ட்ல மார்க் போட்டு மாத்திடலாம்" என்றால், அந்த எஞ்சினில் பழக்கப்பட்ட வேறு இடத்தைப் பாருங்க.

• வெளி பெல்ட்டை எப்படியும் கழற்றித்தான் ஆகணும். அதையும் அப்போதே புதுசாகப் போட்டுவிடுங்க.

• போலிப் பொருட்கள் உண்டு. கம்பெனி பொருளோ, கேட்ஸ், கான்டிடெக், டேக்கோ, மதுரையில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஜே.கே. ஃபென்னர் போன்ற பெயர் பெற்ற பிராண்டோ, உங்க எஞ்சினுக்கு உரியதை பில்லோடு வாங்குங்க.

• வேலை முடிந்ததும் தேதி, கிலோமீட்டர் எழுதிய ஸ்டிக்கரை பானெட்டுக்குள் ஒட்டச் சொல்லுங்க. பில்லை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. நாளைக்கு வண்டியை விற்கும்போது அதுவே உங்களுக்கு மதிப்பு.

செகண்ட் ஹேண்ட் எஸ்யூவி வாங்கப் போறீங்களா?

"டைமிங் பெல்ட் மாத்தியாச்சு சார்" என்ற வாய்ச்சொல் போதாது. எந்த கிலோமீட்டரில், எந்தத் தேதியில் மாத்தினீங்க? பில் இருக்கா? இந்த ரெண்டுக்கும் பதில் இல்லைன்னா, மாத்தவே இல்லை என்றே வெச்சுக்கோங்க. மீட்டரில் காட்டும் கிலோமீட்டரும் குறைக்கப்பட்டிருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பிக் கணக்குப் போட முடியாது.

பெல்ட் கிட், கூலி எவ்வளவு ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு, அந்தத் தொகையை விலையில் குறைத்துப் பேசுங்க. வாங்கிய கையோடு முதல் வேலையாக பெல்ட்டை மாத்துங்க. சீட் கவரும் மியூசிக் சிஸ்டமும் அப்புறம் பார்த்துக்கலாம்.

வழியில் பெல்ட் அறுந்தால் உடனே என்ன செய்யணும்?

வெளி பெல்ட் அறுந்தால்: 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கலாம். மீட்டரில் சிவப்பு பேட்டரி விளக்கு எரியும். ஸ்டீயரிங் கனக்கும், ஏசி காற்று சூடாகும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் என்றால் டெம்பரேச்சர் முள் கிடுகிடுவென ஏறும்.

பதற்றத்தில் பிரேக்கை மிதித்து மிதித்து விடாதீங்க. ஒவ்வொரு மிதிக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் குறையும். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி, ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஓரங்கட்டுங்க. வண்டி முழுசாக நின்ற பிறகுதான் எஞ்சினை அணைக்கணும். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும்.

நின்றதும் ஹசார்ட் விளக்கைப் போடுங்க. எஞ்சின் ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. நைலான் கயிறு கட்டி ஓட்டிவிடலாம் என்ற யோசனை ரிப் பெல்ட் வண்டிக்குச் சரிப்படாது. டோ வண்டியைக் கூப்பிடுங்க.

டைமிங் பெல்ட் அறுந்தால்: ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று நின்றுவிடும். செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றும். அப்படிச் சுற்றினால் மறுபடி செல்ஃப் அடிக்காதீங்க. கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் ஒரு வால்வு வளையலாம். அந்த நிலையிலேயே ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போனால் சேதம் அதற்கு மேல் கூடாது.

சுருக்கமாக ஒரு பார்வை

• மாதம் ஒரு தடவை, மலைப்பயணத்துக்கு முன் ஒரு தடவை: வெளி பெல்ட்டை டார்ச் அடித்துப் பாருங்க.

• கீச் சத்தம் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால்: பெல்ட், டென்ஷனர், பேரிங் மூணையும் பார்க்கச் சொல்லுங்க.

• டைமிங் பெல்ட் உள்ள வண்டி என்றால்: சத்தத்துக்குக் காத்திருக்காதீங்க. கிலோமீட்டரும் வருடமும்தான் கணக்கு.

• மாத்திய விவரம் தெரியாத வண்டி என்றால்: மாத்தவில்லை என்றே எடுத்துக்கோங்க.

இன்னைக்கே மேனுவலை எடுத்து மூணு விஷயத்தை மட்டும் தேடுங்க: உங்க எஞ்சினில் பெல்ட்டா செயினா, எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருடம். மேனுவல் தொலைந்துபோயிருந்தால், வண்டியின் ஆர்சி புத்தகத்தோடு சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டால் போதும்.